சிறிதாகாத தாளம்

அளவு

மீட்டர் கேஜ் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். என் மேசைமேல் போட்டிருக்கும் பாதையில் 45 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் 22 சொச்சம் வரும். மாடல் ரயில் செய்கிறவர்கள் இந்த அளவை 1:22.5 என்று எழுதுவார்கள். அசலில் இருபத்திரண்டரை அடி நீளமுள்ளது இங்கே ஓர் அடி.

இந்த 45 மில்லிமீட்டருக்கு ஒரு வரலாறு உண்டு. 1891இல் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் பொம்மை ரயில் பாதைகளின் அகலங்களை வரிசைப்படுத்தி எண் கொடுத்தது. அதில் 1ஆம் எண்ணுக்கு உரிய அகலம் பிற்பாடு 45 என்று நிலைத்தது. 1968இல் நியூரம்பெர்க் நகரத்து லேமன் நிறுவனம் அதே பாதையை எடுத்துக்கொண்டு மீட்டர் கேஜ் ரயில்களின் மாடல்களைச் செய்யத் தொடங்கியது. ஐரோப்பிய மலைப்பக்கங்களில் ஓடிய சிறிய ரயில்களுக்காகப் போட்ட கணக்கு அது. 1870இல், வைசிராய் மேயோ காலத்தில், இந்தியாவுக்கு மீட்டர் கேஜ் என்று முடிவெடுத்தபோது அந்தக் கணக்கில் நாமும் சேர்ந்துவிட்டோம். விழுப்புரத்து இன்ஜின் ஒன்றைச் சரியான விகிதத்தில் செய்ய நினைப்பவருக்குப் பாதை ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

நான் செய்வது ஒய்.பி. வகை மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின். முன்னால் நாலு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. 1949இலிருந்து 1970 வரை இந்த வகையில் 871 இன்ஜின்கள் கட்டப்பட்டன. முதல் இருபது அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து வந்தன. பிறகு ஸ்காட்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தன. பாதிக்கு மேல் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கட்டியவை. நடுச்சக்கரத்தின் விட்டம் 1372 மில்லிமீட்டர், ஒரு சிறுவனின் உயரம். என் உள்ளங்கையில் அது 61 மில்லிமீட்டர்.

ஊர்

எங்கள் ஊர் பெருமுக்கல், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது. ரயில் இந்த ஊருக்கு வராது. மேற்கே ஒலக்கூர், திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம் என்று அது தன் வழியில் போகிறது. இங்கே இருப்பது மலை. மேலே சோழர் காலத்துக் கல்வெட்டுகளோடு சிவன் கோயில். கோட்டை மதிலின் மிச்சம். 1760இல் ஆங்கிலப் படைத்தலைவர் அயர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர்கள் எழுத்தில் இது பெர்மாகோயில்.

1960களிலேயே தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் கேஜ் பாதைக்கு மின்கம்பி வந்துவிட்டது. அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திண்டிவனம் ஸ்டேஷனில் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மின்சார இன்ஜின். கரி வண்டி பார்க்க விழுப்புரம் போக வேண்டும். கம்பி அங்கே முடிந்தது. எழும்பூரிலிருந்து இழுத்து வந்த மின்சார இன்ஜினை அங்கே கழற்றுவார்கள். ஷெட்டிலிருந்து கரி இன்ஜின் பின்னோக்கி மெதுவாக வந்து, இடித்து, மாட்டிக்கொள்ளும். தெற்கே போகிறவர்கள் அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள், தண்ணீர் பிடிப்பார்கள். பிறகு கார்டின் விசில். அதன் பிறகு முதல் அடி. ஒரு கனத்த மூச்சு, ஓர் இடைவெளி, அடுத்த மூச்சு.

இன்று அந்தப் பாதை முழுக்க அகலப்பாதை. நான் தேடுவது அந்த இடைவெளியை.

ஜல்லி

ரயில் பாதைக்குப் போடும் ஜல்லி 20 மில்லிமீட்டரிலிருந்து 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். 22.5ஆல் வகுத்தால் பெரிய கல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிறிய கல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடைகளில் விற்கும் மாடல் ஜல்லி ஏதோ ஒரு நாட்டின் கல்நிறத்தில் இருக்கும். இங்கே அதற்குத் தேவையே இல்லை. திண்டிவனத்தைச் சுற்றிக் கல் குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, கால் ஜல்லி என்று பிரித்த பிறகு அடியில் தங்கும் பொடிக்கல்லை ஒரு சாக்கில் வாங்கிவந்தேன். டீ வடிகட்டியில் தூசியைப் போக்கி, மாவுச் சல்லடையில் பெரிய துகளை நிறுத்தி, நடுவில் கிடைத்ததைக் கழுவிக் காயவைத்தேன்.

பெரிய பாதையில் கிடப்பதும் கருங்கல், இதுவும் கருங்கல். உடைந்த முனைகளின் கூர்மைகூட அப்படியே இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எது மூன்று மில்லிமீட்டர், எது இரண்டரை அங்குலம் என்று சொல்ல முடியாது. கல் தன் அளவைக் காட்டிக்கொடுப்பதில்லை. சிறிதாக்கும் வேலையில் இவ்வளவு எளிதாக ஒத்துழைத்த பொருள் வேறு எதுவும் இல்லை.

அதே கையோடு இன்னொன்றையும் எழுதிவைக்க வேண்டும். நமக்குப் பாதையும் வீடும் சாலையும் கொடுப்பவை இந்த மலைகள். ஒரு மலை ஒருமுறைதான் ஜல்லியாகும். என் மேசைக்கு வேண்டியது ஒரு சாக்குத்தான் என்றாலும், அதைக் கீழே கொட்டும்போது கை தானாக நிதானிக்கிறது.

எதை விடுவது

பெருமுக்கல் மலையில் ஒரு குகை உண்டு. அதன் பாறையில் பழங்காலத்து மனிதர்கள் கீறிய உருவங்களும் குறிகளும் இருக்கின்றன. வர்ணம் கிடையாது. கல்லைக் கல்லால் தேய்த்தும் கொத்தியும் போட்ட கோடுகள். அங்கே உட்காரும்போது நான் பார்ப்பது கீறியவற்றை மட்டுமல்ல, கீறாமல் விட்டவற்றையும். கண்ணால் கண்ட ஒன்றைப் பாறைக்குக் கொண்டுவந்தவர், பெரும்பாலானவற்றை வழியிலேயே விட்டுவிட்டார். அவருக்கு எது வேண்டியதோ அது நின்றது.

மாடல் செய்கிறவரின் வேலையும் அதுதான். எல்லாவற்றையும் 22.5ஆல் வகுத்துவிட்டால் மாடல் வந்துவிடும் என்று தோன்றும். வராது. டிரைவர் கேபினில் பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதை விகிதப்படி குறைத்தால் உட்புறம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அவ்வளவு குறுகலான குழாயில் தண்ணீர் சுவரைப் பற்றிக்கொண்டு தன் இஷ்டத்துக்கு நிற்கும். மட்டம் பொய் சொல்லும். ஆகவே மாடலில் கண்ணாடிக் குழாய் விகிதத்தை மீறித் தடிமனாகத்தான் இருக்க வேண்டும். பார்வைக்கு அது பிசகு. உயிருக்கு அது காவல், ஏனென்றால் தண்ணீர் வற்றிய பாய்லர் சிறியதானாலும் ஆபத்தானது.

தண்ணீர்த் துளி சிறிதாகாது. ஆவி சிறிதாகாது. அதே அழுத்தத்தில் தண்ணீர் இங்கேயும் அதே சூட்டில்தான் கொதிக்கிறது. இவற்றோடு சண்டை போட்டுப் பயனில்லை. இரும்பைக் குறைக்கலாம், இயற்கையைக் குறைக்க முடியாது. எது வளையும், எது வளையாது என்று ஒவ்வொரு பாகமாகக் கேட்டுக்கேட்டுப் போவதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி.

சூடு

நீளம் 22.5இல் ஒரு பங்கு. பரப்பு 506இல் ஒரு பங்கு. கொள்ளளவு 11,390இல் ஒரு பங்கு. டெண்டரோடு சேர்த்து நூறு டன் என்று வைத்துக்கொண்டால், அதே உலோகத்தில் அதே விகிதத்தில் செய்த மாடல் ஒன்பது கிலோவுக்கும் குறைவு.

இந்த மூன்று எண்களுக்குள்ளேதான் எல்லாச் சிரமமும் இருக்கிறது. சூடு தங்குவது கொள்ளளவில். சூடு தப்பிப்பது பரப்பின் வழியாக. கொள்ளளவு பரப்பைவிட 22.5 மடங்கு அதிகமாகச் சுருங்கிவிட்டது. கல்யாண வீட்டு அண்டாவில் வெந்நீர் வெகுநேரம் சூடாக இருக்கும், அதையே ஒரு டம்ளரில் ஊற்றினால் பேசி முடிப்பதற்குள் ஆறிவிடும். சின்ன பாய்லர் எப்போதும் அந்த டம்ளரின் நிலையில் இருக்கிறது. எரிவதை நிறுத்தினால் பெரிய இன்ஜின் பல மணி நேரம் சூடு காக்கும். இது சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

பாய்லருக்குள் ஓடும் குழாய்களும் அப்படித்தான். அசலில் தீயின் சூடு பல பத்துக் குழாய்கள் வழியாகப் போய்ச் சுற்றியுள்ள தண்ணீரைக் கொதிக்கவைக்கும். அத்தனையையும் குறைத்து வைத்தால் ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, புகை நகராமல் தீ மூச்சுத் திணறும். மாடலில் குழாய் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் அகலம்.

என் பாய்லர் செம்பு. மூட்டுகளை வெள்ளிப் பற்றால் இணைத்தேன். திண்டிவனத்தில் பொன்வேலை செய்கிற ஒரு பெரியவரின் பட்டறையில்தான் அதைக் கற்றேன். வெங்காரம் தடவி, தீயின் நாக்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, செம்பு மங்கிய சிவப்புக்கு வரும் கணத்தில் பற்றைத் தொடவேண்டும். அது சரசரவென்று ஓடி மூட்டுக்குள் மறையும். “அவசரப்பட்டா தீ உங்களுக்கு வேலை செய்யாது, நீங்கதான் தீக்கு வேலை செய்யணும்” என்றார் அவர். ஒய்.பி. பாய்லரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. எனக்கு 40 போதும். ஆனாலும் தீ மூட்டுவதற்கு முன் அந்த அழுத்தத்தின் இரு மடங்குக்குத் தண்ணீரை அடைத்துச் சோதித்துப் பார்ப்பது பரவலான வழக்கம். தண்ணீர் அமுங்காது, மூட்டு விட்டாலும் வெடிக்காமல் ஒழுகும். அந்தச் சோதனையைத் தாண்டாத பாய்லர் அழகான பாத்திரம் மட்டுமே.

சக்கரம்

இன்ஜினுக்கு இரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒன்று. இரண்டு பக்கத்துக் கிராங்கும் ஒரே நிலையில் இருந்தால், பிஸ்டன் ஓட்டத்தின் கடைசியில் நிற்கும்போது இரண்டுமே ஒன்றாகச் செயலற்றுப் போகும். வண்டி எடுக்காது. அதனால் ஒரு பக்கத்தை மறுபக்கத்திலிருந்து கால் சுற்று, அதாவது 90 டிகிரி, தள்ளிப் பொருத்துவார்கள். ஒன்று முட்டி நிற்கும்போது மற்றது முழு பலத்தோடு தள்ளும்.

பிஸ்டனின் இரு பக்கமும் மாறிமாறி ஆவி நுழைகிறது. ஆகவே ஒரு சிலிண்டருக்கு ஒரு சுற்றில் இரண்டு மூச்சு. இரண்டு சிலிண்டருக்கு நாலு. சக்கரம் ஒருமுறை சுற்றினால் புகைபோக்கியில் நாலு அடி. முதல் அடியும் மூன்றாவதும் ஒரு பக்கத்தவை, இரண்டாவதும் நாலாவதும் மறுபக்கத்தவை. ஆவி எப்போது நுழைய வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்று தீர்மானிக்கும் வெளிப்புறக் கம்பிகளின் ஏற்பாடு 1844இல் பெல்ஜியத்து மெக்கானிக் எகீட் வால்ஷார்ட் காப்புரிமை பெற்றது. ஒரு நூற்றாண்டு கழித்துக் கட்டிய ஒய்.பி.யிலும் அதே ஏற்பாடுதான்.

மூன்று அச்சுகளில் ஆறு சக்கரத்தைப் பொருத்தும் வேலையில் நான் வெகுநாள் தங்கினேன். அச்சை ஒரு தாங்கியில் படுக்கவைத்து, இரு பக்கக் கிராங்க் ஊசிகளும் இரண்டு நிறுத்தங்களில் முட்டும்படி திருப்பி, சக்கரத்தை அழுத்தி ஏற்ற வேண்டும். கை அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி ஒன்று இங்கே உண்டு. அந்தக் கோணம் 90 டிகிரிக்கு ஒரு டிகிரி இப்படி அப்படி இருந்தால் ஓட்டத்துக்குக் கேடு இல்லை. மூன்று அச்சிலும் அது ஒன்றுபோல இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓர் அச்சு மிகச் சரியாக 90 ஆகவும் அடுத்தது 89 ஆகவும் இருந்தால், அவற்றை இணைக்கும் ராடு ஒவ்வொரு சுற்றிலும் இறுகும். மூன்றும் 89 என்றால் வெண்ணெயாக உருளும்.

ஒரே தாங்கி, ஒரே கை, ஒரே உட்காரல். அதனால்தான் மூன்றையும் ஒரே நாளில் பொருத்தச் சொல்கிறார்கள். இதை எழுதிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். சேர்ந்து ஓட வேண்டியவை ஒன்றோடொன்று ஒத்துப்போனால், தனித்தனியே கொஞ்சம் பிசகு இருப்பதைப் பாதை மன்னித்துவிடுகிறது.

காது

தீ மூட்டுவதற்கு முன் காற்றில் ஓட்டிப் பார்ப்பது முறை. லாரி டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸரிலிருந்து ஒரு குழாய், அடியில் சக்கரம் தரையைத் தொடாதபடி இரண்டு கட்டை. விழுப்புரம் ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்த ஒரு பெரியவரை அழைத்திருந்தேன். வந்தவர் இன்ஜினை ஒருமுறை பார்த்தார், நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“பாக்க வாணாமா ஐயா?” என்று கேட்டேன்.

“பாத்தா கண்ணு கெடுத்துடும் தம்பி. ஓட்டு.”

வால்வைத் திறந்தேன். சக்கரம் தயங்கி, நகர்ந்து, சுற்றத் தொடங்கியது. அவர் வலது கை முழங்கால்மேல் தட்டிக்கொண்டே இருந்தது. சில சுற்றுகள் போனதும் கை நின்றது.

“மூணாவது அடி சன்னமா உழுது. மொத அடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வால்வைப் பாரு. ஒரு ஓரமா தள்ளி நிக்கும்.”

அந்தப் பக்கத்து வால்வுக் கம்பியின் நட்டைக் கால் திருப்பு திருப்பினேன். மறுபடி ஓட்டினேன். கை தட்டத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் என்று சைகை. இன்னொரு சிறு திருப்பு. இம்முறை கை நிற்கவில்லை. நாலும் சமமாக, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போயின. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். நான் காற்றை நிறுத்திய பின்னும் கை இரண்டு மூன்று சுற்றுத் தூரம் தானாகப் போய்ப் பிறகுதான் அடங்கியது.

எத்தனையோ டன் கரியையும் பல நூறு இரவுகளையும் கடந்து வந்த காது அது. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்து நான் தேடியிருந்தால் ஒரு பகல் போயிருக்கும்.

வேகம்

அவர் போன பிறகுதான் அந்தக் கேள்வி எழுந்தது. மேசைமேல் அடங்கும் ஓர் இன்ஜினின் ஓட்டத்தை, நூறு டன் இன்ஜினோடு வாழ்ந்த ஒருவர் எப்படி அவ்வளவு இயல்பாகத் தன் முழங்காலில் தட்ட முடிந்தது? காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

1372 மில்லிமீட்டர் சக்கரம் ஒருமுறை சுற்றினால் 4.31 மீட்டர் போகும். நொடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 15.5 கிலோமீட்டர், விழுப்புரம் பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும் வேகம். அப்போது நொடிக்கு நாலு அடி. மாடலை அதே விகிதத்தில் குறைந்த வேகத்தில் ஓட்டினால் நொடிக்கு 19 சென்டிமீட்டர் நகரும். அதன் சக்கரம் ஒரு சுற்றில் போகும் தூரமும் 19 சென்டிமீட்டர். ஆக அதுவும் நொடிக்கு ஒரு சுற்று, நொடிக்கு நாலு அடி.

60 கிலோமீட்டர் வேகத்துக்கும் போட்டேன். பெரியது நொடிக்கு நாலு சுற்றுக்குச் சற்றுக் குறைவு, பதினைந்து சொச்சம் அடி. சின்னது நொடிக்கு 74 சென்டிமீட்டர், மனிதன் நடப்பதைவிட மெதுவாக ஊர்கிறது. சுற்று அதே நாலுக்குச் சற்றுக் குறைவு, அடி அதே பதினைந்து சொச்சம். எந்த வேகத்துக்குப் போட்டாலும் இதே விடை. நீளமும் 22.5ஆல் குறைகிறது, வேகமும் 22.5ஆல் குறைகிறது, ஒன்றை ஒன்று வகுக்கும்போது அந்த எண் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது.

நீளம் போகிறது, எடை போகிறது, சூடு நிலைப்பதில்லை, கண்ணாடிக் குழாய் விகிதம் தவறுகிறது, பாய்லர் குழாய்கள் எண்ணிக்கை மாறுகின்றன. தாளம் மட்டும் ஒரு மயிரிழையும் குறையாமல் சிறிய உடம்புக்குள் வந்து சேர்கிறது. முழங்காலில் தட்டிய கை மாடலின் வேகத்தைத் தட்டவில்லை. தனக்குத் தெரிந்த வேகத்தைத்தான் தட்டியது. இரண்டும் ஒன்றாக இருந்தன.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மெதுவாக ஓட்ட வேண்டும். மாடல் ரயிலைப் பெரும்பாலோர் ஓட்டும் வேகத்தில் சக்கரம் மங்கலாகிவிடும், நாலு அடியும் ஒரே சீறலாகிவிடும். விகித வேகத்தில் ஓடும் இன்ஜின் பார்ப்பவரின் பொறுமையைக் கேட்கிறது. மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை அதற்குக் கொடுத்துவிட்டால், பிளாட்பாரத்தில் கேட்டதை அது திருப்பிக் கொடுக்கிறது.

நிற்கின்றவை, ஓடுகின்றவை

நம் மாநிலத்தில் பழைய இன்ஜின்களைப் போற்றி வைத்திருக்கிறார்கள். சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம், திருச்சியில் ஒன்று. வர்ணம் பூசி, சுற்றிலும் புல் வளர்த்து, குழந்தைகள் ஏறிப் பார்க்கும்படி வைத்திருப்பது நல்ல காரியம். நாட்டின் பிற பகுதிகளிலும் இந்த அக்கறை உண்டு. புனேயில் 1998இலிருந்து இயங்கும் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு நகரமே மேசைமேல் ஓடுகிறது. 1855இல் லீட்ஸ் நகரத்தில் கட்டிய இ.ஐ.ஆர். 21 என்ற இன்ஜினைச் சென்னையிலேயே பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் 2010இல் மறுபடி ஓடவைத்தார்கள். அது அவர்கள் கைத்திறனுக்குச் சாட்சி.

அன்றாடம் ஓடும் நீராவி வண்டியைக் கேட்க மேட்டுப்பாளையம் போகலாம். ஆனால் நீலகிரி இன்ஜின் பல்சக்கரத்தால் பல்தண்டவாளத்தைப் பற்றி மலையேறுவது. அந்தப் பல்சக்கரத்துக்கென்று தனியாக இன்னொரு ஜோடி சிலிண்டர் உண்டு. அதன் பேச்சு வேறு, மலையின் பேச்சு. சமவெளியில் தெற்கு நோக்கிப் போன ஒய்.பி.யின் நாலடித் தாளத்தை அங்கே கேட்க முடியாது.

நிற்கும் இன்ஜின் தன் உருவத்தைக் காக்கிறது. வரைபடம் அளவைக் காக்கிறது. புகைப்படம் முகத்தைக் காக்கிறது. தாளத்தை ஓட்டம்தான் காக்க முடியும். மேசைமேல் 45 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ஒரு சிறிய இன்ஜின் பெரியதன் பொம்மையாக நின்றுவிடுவதில்லை. தாளத்தைப் பொறுத்தவரை அது அதே இன்ஜின்தான். இதைக் கணக்கு சொல்கிறது, ஒரு பெரியவரின் முழங்காலும் சொன்னது.

அதனால் இந்த வேலையில் இறங்குகிற யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ரிவிட் நாலு குறையட்டும். கறுப்பு வர்ணம் ஒரு சாயல் மாறட்டும். கண்ணாடிக் குழாய் பெரிதாகவே இருக்கட்டும். நாலு அடியும் சமமாக விழும்வரை வால்வை விடாதீர்கள், விழுந்த பிறகு மெதுவாக ஓட்டுங்கள். விழுப்புரத்திலும் திருச்சியிலும் மதுரையிலும் ஷெட்டில் வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், கூப்பிட்டு வந்து உட்காரவையுங்கள், முதலில் அவர்கள் கேட்கட்டும்.